ஸுரையாவும் அறுமீனும்

ஓய்வு பெற்ற ஆண்டில் என் கைக்கு ஒரு தொலைநோக்கி வந்தது. கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. 70 மில்லிமீற்றர் வில்லை, 700 மில்லிமீற்றர் குவியத்தூரம், இரண்டு கண்வில்லைகள், ஆட்டங்கண்ட ஒரு முக்காலி. பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது வியாபாரக் கணக்கு. வில்லையின் அகலத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஏறத்தாழ அதன் எல்லை. என்னுடையதற்கு 140. அதற்கு மேலே போனால் மங்கல்தான் பெரிதாகும். தொலைநோக்கியின் முதல் வேலை பெருப்பிப்பதல்ல, ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் விரிந்த கண்மணி 7 மில்லிமீற்றர் என்றால், இந்த வில்லை அதைப்போல் 100 மடங்கு ஒளியை வாங்கும்.

இதெல்லாம் பிறகு படித்தவை. முதலிரவு மருதமுனையில் வீட்டு மேல்தட்டில் நின்று ஒரு மணித்தியாலம் வெறும் கறுப்பைத்தான் பார்த்தேன். குறிபார்க்கும் சிறு குழாய் ஒரு திசையிலும் பெரிய குழாய் வேறு திசையிலும் நின்றிருக்கின்றன. பகலில் தூரத்துத் தென்னை வட்டு ஒன்றைப் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

அதைச் சரிசெய்த பின்னும் தெரு விளக்குகள் விடவில்லை. அப்போதுதான் மண்டூர் நினைவுக்கு வந்தது. என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். “வாங்க சேர், எங்கட பக்கம் நல்ல இருட்டு” என்றார்.

அது 2019. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறு பிள்ளைகளும் மாண்டிருந்தார்கள். என்னைப்போல் தாடி வைத்த ஒருவர் பையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலித்தது. மண்டூர்த் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் சாரன் கொண்டுபோய் விற்றவர் என் வாப்பா. 1990இல் அது நின்றது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்க, பெரியநீலாவணை, கல்லாறு தாண்டிக் குருமண்வெளித் துறைக்கு வந்தேன். பாதையில் ஏறியதும் எல்லாக் கண்களும் என் தோளில் கிடந்த நீளப் பையில் விழுந்தன. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே பையைத் திறந்து, குழாயை எடுத்து, கண்வில்லையை மாட்டி, முன்னால் நின்ற சிறுவனிடம் காட்டினேன். “அக்கரைத் தென்னையெல்லாம் தலைகீழா நிக்குது!” என்று கத்தினான். பாதை கரை தட்டுவதற்குள் ஏழெட்டுப் பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

இரவு நண்பரின் முற்றத்தில் அயல் முழுவதும் கூடிவிட்டது. வளர்பிறை நிலாவில் தொடங்கினோம். இருளும் ஒளியும் சேரும் ஓரத்தில்தான் குழிகள் துலக்கமாகத் தெரியும். அடுத்தது கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற வியாழன். அதன் இருபுறமும் நாலு பொட்டுகள். 1610 ஜனவரியில் கலிலியோ அவற்றை நாள்தோறும் குறித்துவைத்து, அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று கண்டார். பூமி சுழல்வதால் ஒவ்வொருவர் பார்த்து முடிக்கும்போதும் வியாழன் வட்டத்தை விட்டு நழுவிவிடும். நான் திரும்பத் திரும்ப இழுத்துக் கொண்டுவந்தேன்.

பிறகு சனி. வளையத்தோடு சின்னஞ்சிறிதாக, ஒட்டிய படம்போல நின்றது. கலிலியோவின் குழாயில் அது மூன்று உருண்டைகளாகத்தான் தெரிந்தது. அது வளையம் என்று 1659இல் எழுதியவர் ஹைகன்ஸ். என்னிடம் இருப்பது மலிவான சாமான்தான், ஆனாலும் கலிலியோவுடையதைவிட நல்லது.

ஒரு பெண் பின்வாங்கினார். “சனியை நேருக்கு நேர் பாக்கலாமா?” நண்பரின் அம்மா எழுந்து வந்தார். யுத்தத்தில் ஒரு மகனைக் கொடுத்தவர். “அவர் எங்களப் பாத்த பார்வைக்கு, நாமளும் ஒருக்கா அவரப் பாப்பமே” என்று சொல்லிக் கண்ணை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். சுபஹுக்கு முன் எழுந்தபோது அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். கிழக்கே வாவிக்கு மேலே கார்த்திகை உயர்ந்திருந்தது. கூட்டமாக நிற்கும் விண்மீன்களுக்குச் சிறிய பெருக்கமே நல்லது. 28 மடங்குக் கண்வில்லையில் காட்டினேன்.

“ஆறு எண்டுதானே மனே சொல்லுவாங்க. இது எண்ண ஒண்ணாது.”

வேலவனை வளர்த்த ஆறு தாய்மாரின் கதையை அவர் சொன்னார். அரபிகள் அதை ஸுரையா என்பார்கள் என்றேன். அதன் பின்னே வரும் ரோகிணிக்கு அவர்கள் இட்ட பெயர் அல் தபரான், பின்தொடர்வது என்று அர்த்தம். உலகம் இன்றும் அதை அல்டெபரான் என்றுதான் அழைக்கிறது. “எங்கட ஊரிலயும் ஸுரையா எண்டு ஒரு பிள்ள படிச்சவள், தொண்ணூறுக்கு முந்தி” என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தொலைநோக்கியை அங்கேயே விட்டுவந்தேன். இருட்டு அங்கேதான் இருக்கிறது. நிலவில்லாத இரவுகளில் நான் போய்வருவேன்.

2025 ஆகஸ்டில் ஓர் இரவு நண்பர் தொலைபேசி எடுத்தார். “சேர், சனியின்ட வளையத்தக் காணல்ல. ஒரு ஊசிதான் குத்தி நிக்குது.” வளையம் எங்கும் போகவில்லை, ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒரு முறை அதன் விளிம்பு நம் பக்கம் திரும்பும், இனி ஆண்டுக்காண்டு விரியும் என்று சொன்னேன்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “விரியிறப்ப வரச் சொல்லு, நானும் பாக்கணும்.”