ஐந்து ரூபாய் கொடுத்த சித்தி



நம்ம திருச்சுழியில் பிறந்த ரமணர், அப்பா 1892இல் காலமானதும் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஆகஸ்ட் 29 அன்று அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பியது ஊருக்கே தெரிந்த கதை. அன்று சோறு போட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுத்தது சித்தி. அதில் மூன்றுதான் எடுத்துக்கொண்டார். சித்தியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

எனக்கும் அப்படி ஒருவர், அருப்புக்கோட்டை அத்தை. மழை பொய்த்த வருஷம்; ஆசிரியர் பயிற்சிக்கு பீஸ் கட்ட வழியில்லை. தறியில் இருந்த அத்தை எழுந்துவந்து, அடகு வைக்கச் சொல்லி காதுத் தோட்டைக் கழற்றித் தந்தார். முதல் சம்பளத்தில் மீட்கப் புறப்பட்டேன். "தங்கச்சியைப் படிக்க வைய்யா, தோட்டுக்கு என்ன அவசரம்?" என்று தடுத்துவிட்டார். தங்கையும் டீச்சரானாள். கடைசிவரை அத்தை காதில் ஈர்க்குச்சிதான்.