எங்கள் வீட்டு ரிவால்வர்

எங்கள் இல்லத்தில் மூன்று தலைமுறையாக ஒரு ரிவால்வர் இருந்தது. முதல் உலகப் போரில் பாக்தாத் நகரம் வீழ்ந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் பூட்டனாரின் வீரத்தை மெச்சித் தம் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்பார் அப்பத்தா. எங்கள் தெருவில் இக்கதை தெரியாதவர் இல்லை.

சென்ற ஆண்டு தாத்தா காலமானார். உரிமம் அவர் பெயரில் இருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் அதை வீட்டில் வைத்திருக்கலாகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். கொண்டு செல்லுமுன், உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஆராய எனக்கு அனுமதி தந்தார் அப்பா. பூதக்கண்ணாடியும் நோட்டுமாக அமர்ந்தேன்.

அது வெப்லி ஆறாம் மாதிரி. ஒரு கிலோவுக்கு மேல் எடை, கை வலிக்கிறது. ஆறு அறைகள். தாழ்ப்பாளை அழுத்தி நடுவில் மடக்கினால் சுட்டு முடிந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே வெளியே வந்து விழுமாம். பிரிட்டிஷ் படை இம்மாதிரியை ஏற்றது 1915-இல். பாக்தாத் வீழ்ந்தது 1917 மார்ச்சில். அப்பத்தாவின் கணக்கு சரியாகத்தான் வருகிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் சட்டத்தின் வலப்புறத்தில் அழுக்கைத் துடைத்தபோது, என்ஃபீல்ட் என்ற சொல்லும் 1923 என்ற எண்ணும் தெரிந்தன. போர்க்காலத்தில் இதைச் செய்தது பர்மிங்காமிலிருந்த வெப்லி நிறுவனம். என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலை இதைச் செய்ததோ 1921 முதல் 1926 வரைதான். செய்யப்படாத துப்பாக்கியை எந்த அதிகாரி கழற்றிக் கொடுப்பார்?

டிரங்குப் பெட்டியின் அடியில் விடை கிடைத்தது. 1947-இல் ஊர் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் எழுதித் தந்த ரசீது! பூட்டனார் அப்போது மலைத்தோட்டத்தில் கங்காணி. சம்பளப் பணத்தோடு காட்டு வழியில் மலையேறுவதற்காக வாங்கியிருக்கிறார்.

ரசீதோடு ஒரு பதக்கமும் இருந்தது. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை. மறுபுறம் குதிரை வீரன், 1914, 1918. போரிட்ட சிப்பாய்களுக்கு இப்பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை சுமக்கவும் தண்டவாளம் போடவும் சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில். எங்களுடையது வெண்கலம். விளிம்பில் தொழிலாளர் படைப் பிரிவு ஒன்றின் சுருக்கப் பெயர் வெட்டப்பட்டிருந்தது. போருக்குப் போனது பொய்யல்ல. துப்பாக்கி ஏந்திப் போகவில்லை, அவ்வளவுதான்.

"அப்பத்தாவுக்கு எண்பத்து நாலு வயசு. இதெல்லாம் எதுக்கும்மா அவங்களுக்கு?" என்றார் அப்பா. எனக்கு அது சரியாகப் படவில்லை. சுமை தூக்கியவர் என்பதை மறைத்தால், அதில் ஏதோ இழிவு இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டதாகாதா? அப்பாவிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, நீயே பக்குவமாச் சொல்லு" என்றார்.

அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. பதக்கத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மாமாவுக்கு வலது தோள்ல ஒரு காய்ப்பு இருந்துச்சு. கல்லு மாதிரி. குண்டடி பட்ட இடம்னு நாங்களாத்தான் நினைச்சுக்கிட்டோம். அவரு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல" என்றார்.

மறுநாள் அப்பா ரிவால்வரை மதுரையில் ஒரு வணிகரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். பதக்கத்தை அப்பத்தா இன்னும் திருப்பித் தரவில்லை.