ஊருக்கு ஊர் ஒரு கூழ் உண்டு

புதிய நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "இந்தச் சனம் என்னத்தைத்தான் சாப்பிடுதுகளோ!" பாலர் பாடசாலையில் பிள்ளைக்குக் கொடுத்த மண்ணிறச் சீஸ், அயலவர் ரின்னைத் திறந்து எடுத்த நாற்ற மீன், மூடியில் ஓட்டையோடு விற்கும் போத்தல் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்காத குடும்பம் இருக்காது. சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு நாட்டின் விநோதமான சாப்பாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கஷ்ட காலக் கதை இருக்கும். ஒடியல் மாவும் கருவாடும் தெரிந்த எங்களுக்கு அந்தக் கதை விளங்காமல் போகாது.

வடக்கே நோர்வேயில் தொடங்கித் தென்மேற்கே போர்த்துக்கல் வரைக்கும் அப்படிச் சில சாப்பாடுகளையும் பானங்களையும் இங்கே சொல்கிறேன். பெரிய ஹோட்டல் எதுவும் தேவையில்லை. ஒரு கிளாஸ், ஒரு துண்டு, அதற்கான சில்லறைக் காசு போதும்.

புறப்படுமுன் ஒரு வார்த்தை. ஷெங்கன் நாடுகளுக்கிடையே 1995 மார்ச்சில் எல்லைச் சோதனைகள் நீங்கத் தொடங்கின. சுவிற்சர்லாந்து 2008 டிசம்பரில் அதில் சேர்ந்தது. எல்லையில் எவரும் மறிக்காவிட்டாலும் பயணப் பத்திரமும் வதிவிட அனுமதியும் கையில் இருக்கவேண்டும். இடையில் சோதித்தாலும் சோதிப்பார்கள். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்கள் தங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் எல்லை தாண்ட வேண்டாம். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது. தாங்கள் இருக்கும் நாட்டின் பகுதியை மட்டும் முதலில் வாசிக்கட்டும்.

நோர்வே: மண்ணிறக் கட்டி

நோர்வேயில் எந்தச் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் சவர்க்காரக் கட்டி போல மண்ணிறத்தில் ஒன்று அடுக்கியிருக்கும். 'ப்ரூனோஸ்ற்' என்று பெயர். மண்ணிறச் சீஸ் என்பதுதான் பொருள். கடித்தால் சீஸ் என்று சொல்லமாட்டீர்கள். பால் ரொபியில் கொஞ்சம் உப்புப் போட்டது போல இருக்கும்.

சீஸ் செய்யும்போது பாலைத் திரைய வைத்துக் கட்டியை எடுத்துவிட்டால் தண்ணீர் மிஞ்சும். மலைநாட்டுப் பெண்கள் அதை ஊற்றிவிட மனமில்லாமல் மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்தார்கள். பாலிலுள்ள இனிப்பு வற்ற வற்ற நிறம் மாறி, கடைசியில் கட்டியாகும். கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. 1863இல் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஆனே ஹோவ் என்ற பெண் இந்தத் தண்ணீரோடு பாலாடையையும் சேர்த்துக் காய்ச்சினார். இன்று விற்கும் கட்டிக்கு அதுதான் தொடக்கம். அதற்காக 1933இல், 87 வயதில், அவருக்கு அரசரின் பதக்கம் கிடைத்தது.

இதைக் கத்தியால் வெட்டக்கூடாது. அதற்கென்று ஒரு சீவி இருக்கிறது. லில்லஹாமர் ஊரைச் சேர்ந்த தோர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் சீவுளியைப் பார்த்து உருவாக்கி 1925இல் உரிமம் பெற்றது அது. மெல்லிய தாளாகச் சீவிப் பாணில் வைத்துச் சாப்பிடவேண்டும். சுடச்சுட வாஃபிளோடு ஜாமும் சேர்த்தால் பிள்ளைகள் இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

இதில் எவ்வளவு கொழுப்பும் இனிப்பும் இருக்கிறதென்று அறிய ஒரு செய்தி போதும். 2013 ஜனவரியில் நோர்வேயின் வடக்கே பிரட்லி சுரங்கப் பாதையில் 27 தொன் ப்ரூனோஸ்ற் ஏற்றிப்போன லொறி தீப்பிடித்தது. அது நாட்கணக்காக எரிந்தது.

சுவீடன்: மணக்கும் ரின்

'சூர்ஸ்ற்றொம்மிங்' என்பது சுவீடனின் வடக்குக் கரையில் செய்யும் புளித்த மீன். பால்டிக் கடலில் பிடிக்கும் ஹெரிங் மீன் எங்கள் சாளைக்கு உறவு. முற்காலத்தில் உப்பு விலை கூடிய பொருள். மீனை முழுதாக உப்பில் போட வசதியில்லாதவர்கள், அழுகிப் போகாத அளவுக்கு மட்டும் உப்பிட்டுப் புளிக்க விட்டார்கள். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. ரின்னுக்குள்ளும் புளிப்பு நிற்காது. ரின் ஊதிப் போயிருக்கும். ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமையில் புது மீன் சாப்பிடத் தொடங்குவது மரபு. வீட்டுக்கு வெளியே வைத்துத் திறந்து, மெல்லிய ரொட்டியில் அவித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவார்கள்.

மணத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஒரு வாடகைக்காரர் இந்த மீன் தண்ணீரைத் தொடர்மாடிப் படிக்கட்டில் ஊற்றியதால் வீட்டுச் சொந்தக்காரர் அவரை வெளியேற்றினார். வழக்கு நீதிமன்றம் போயிற்று. சொந்தக்காரர் தரப்பு அங்கேயே ஒரு ரின்னைத் திறந்து காட்டியது. தீர்ப்பு சொந்தக்காரர் பக்கம்.

தொடர்மாடி வீட்டில் கருவாடு பொரித்துவிட்டுக் கதவு தட்டப்படுமோ என்று பயந்திருப்பவர்கள் எம்மில் பலர். சுவீடன்காரரும் தங்கள் மீனுக்கு இடமும் நேரமும் பார்த்துத்தான் நடக்கிறார்கள். வீட்டுக்குள் திறப்பதில்லை; ஆனால் சாப்பிடுவதை விட்டுவிடவுமில்லை. அந்த இரண்டையும் நாங்கள் கவனிக்கலாம்.

இந்த மீன் வேண்டாம் என்பவர்களுக்கு அதே நாட்டில் கறுவாப் பணிஸ் இருக்கிறது. 1999 தொடக்கம் ஒக்டோபர் 4ஆம் திகதி அதற்கென்றே ஒரு நாள். மாவில் ஏலக்காய் போடுவார்கள். முதல் கடியிலேயே எங்கள் அடுக்களை நினைவு வரும்.

றைன் ஆற்றங்கரை: மூடாத போத்தல்

செப்டெம்பரில் ஜேர்மனியின் றைன், மோசல் ஆற்றுப் பக்கம் போனால் கடைகளிலும் தோட்டத்து வாசல்களிலும் கலங்கலான ஒரு பானம் விற்பார்கள். 'பெடர்வைசர்' என்பார்கள். சுவிஸில் 'சௌசர்', ஒஸ்திரியாவில் 'ஸ்ற்றூர்ம்'. பிழிந்த திராட்சைச் சாறு வைனாக மாறும் வழியில் நிற்கும் நிலை அது. உள்ளே காற்று உண்டாகிக்கொண்டே இருப்பதால் போத்தலை இறுக மூடமாட்டார்கள். மூடினால் வெடிக்கும். வாங்கினால் நிமிர்த்தியே கொண்டுவரவேண்டும். பையில் சரித்து வைத்தால் உடுப்பெல்லாம் நனையும்.

சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறக்கிய பனஞ்சாறு நேரம் போகப் போகக் கள்ளாவதை நாங்கள் அறிவோம். இதுவும் அதே கணக்கு. இனிக்கிறதே என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். விற்கும்போதே ஏறக்குறைய 4 வீதம் மது இருக்கும், வீட்டில் வைக்க வைக்க ஏறும். பிள்ளைகளுக்கு 'ட்ரௌபென்சாவ்ற்' என்று கேளுங்கள். அது வெறும் திராட்சைச் சாறு.

இதோடு வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு கேக்கும் தருவார்கள். பெரும்பாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஜேர்மன் மொழியில் 'ஷ்வைன்' பன்றி, 'ஷ்பெக்' அதன் கொழுப்பிறைச்சி. இவை இரண்டும் மரக்கறிக்காரர் மனப்பாடம் செய்யவேண்டிய சொற்கள். ஜெலி இனிப்பு வாங்கும்போது 'கெலற்றீன' என்ற சொல்லையும் பாருங்கள். அது பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பது.

சுவிஸ்: மோர் இல்லாத மோர்

றைன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் சுவிஸ் வரும். நோர்வேயில் காய்ச்சி வற்றவைத்த அந்தச் சீஸ் தண்ணீரை இங்கே சோடாவாக்கிவிட்டார்கள். 1952இல் ரோபேர்ட் பார்த் என்பவர் தொடங்கிய 'ரிவெல்லா' அது. பாலின் தண்ணீரில் மூலிகை, பழச் சாரம் சேர்த்துக் காற்றடைத்தது. நிறம் தேன் போல. கிராமத்துக் கடை முதல் மலை உச்சி உணவகம் வரை எங்கும் கிடைக்கும்.

மோர் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான். புளிப்பு மிக மெல்லியது, இனிப்பு கூட. ஆனால் மது இல்லை. பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையிலிருந்து ஒன்றையே குடிக்கலாம். வேலையிடத்து விருந்தில் "பியர் வேண்டாமா?" என்று கேட்கும்போது "ரிவெல்லா" என்று சொன்னால் சுவிஸ்காரர் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. அது அவர்களுடைய பானம்.

வலென்சியா: கோரைக் கிழங்குப் பால்

இங்கிருந்து நீண்ட தூரம் தெற்கே, ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலென்சியா நகரத்தில் வெயில் காலத்துப் பானம் 'ஒர்ச்சாத்தா'. பார்வைக்குப் பால். ஒரு சொட்டுப் பசும்பாலும் இல்லை. 'சூஃபா' என்ற சிறு கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சீனி கலந்து குளிரவைப்பார்கள். தேங்காய்ப்பால் பிழியும் அதே வேலைதான். அந்தக் கிழங்கு எதனுடையது தெரியுமா? எங்கள் வயலில் களையென்று பிடுங்கி எறியும் கோரை இனத்தைச் சேர்ந்த புல்லினுடையது! அராபியர் ஆட்சிக் காலத்தில் இந்தப் பயிர் அங்கே பரவியதென்பார்கள்.

நகரத்துக்குப் பக்கத்திலேயே அல்போராயா என்ற ஊர். மெற்றோவில் போகலாம். சூஃபா வயல்களும் ஒர்ச்சாத்தாக் கடைகளும் அங்கேதான். விரல் போல நீண்ட மெல்லிய பணிஸை அதில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். புதிதாகச் செய்தது சீக்கிரம் பழுதாகிவிடும். போத்தலில் வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைக்காமல் அங்கேயே குடியுங்கள்.

லிஸ்பன்: தெரிந்த சொற்கள்

போர்த்துக்கல் தலைநகரில் பேக்கரிக்குள் நுழைந்து 'பாண்' என்று கேட்டுப் பாருங்கள். விளங்கிக்கொள்வார்கள். ஏனென்றால் அந்தச் சொல்லே அவர்களுடையது. கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, வாங்கு, துவாய் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. 1505இல் இலங்கைக் கரைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள். அவர்கள் எங்களுக்குச் செய்ததைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். சொற்கள் மட்டும் எங்கள் வீட்டுக்குள் கதிரை போட்டு இருந்துவிட்டன.

அந்த நகரத்தின் பெலெம் பகுதியில் 1837 முதல் விற்கும் சிறிய முட்டைப் பலகாரம் உலகறிந்தது. முன்பு மடங்களில் துறவிகளின் உடுப்புக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவைப் பாவித்தார்களாம். மிஞ்சிய மஞ்சள் கருவை வீணாக்காமல் பலகாரமாக்கினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. 1834இல் மடங்கள் மூடப்பட்டபின் அந்தப் பலகாரம் கடைக்கு வந்தது. சாப்பிடுமுன் மேலே ஒரு தூள் தூவுவார்கள். கறுவாத்தூள்! அதைத் தேடித்தான் ஒரு காலத்தில் அவர்களுடைய கப்பல்கள் எங்கள் கடலுக்கு வந்து போயின.

பிள்ளைகளுக்காக

மிஞ்சிய தண்ணீர், போதாத உப்பு, களைப்புல்லின் கிழங்கு, தேவைக்கு மேற்பட்ட மஞ்சள் கரு. இந்த ஊர்களில் இன்று பெருமையோடு விற்கப்படுபவை பலவும் ஒரு காலத்தில் "இதை எறிவதா?" என்று யோசித்த பெண்களின் கையிலிருந்து வந்தவை. பனங்கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, ஊறவைத்துக் கயர்ப்பை எடுத்து, மீனும் நண்டும் பயற்றங்காயும் போட்டுக் கூழ் காய்ச்சியவர்களும் அதே யோசனைக்காரர்கள்தான்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவில் வளர்கிறார்கள். ஒரு நாள் வகுப்புச் சிநேகிதர் வீட்டுக்கு வரும்போது அடுப்பில் கூழ் கொதிக்கலாம். அந்த நேரம் பிள்ளை கதவைச் சாத்துமா, அல்லது "எங்கள் அம்மம்மாவின் ஊர்ச் சாப்பாடு, சாப்பிட்டுப் பார்" என்று கோப்பையை நீட்டுமா? மண்ணிறச் சீஸைப் பார்த்து நாங்கள் வீட்டில் என்ன கதைக்கிறோமோ அதைத்தான் பிள்ளை படிக்கும். மற்றவன் சாப்பாட்டைப் பழிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, நாளைக்குத் தன் சாப்பாட்டுக்கு வெட்கப்படப் பழகிவிடும்.

ஆகவே, அடுத்தமுறை அயலவரோ வேலைத்தலத்தவரோ விநோதமாக எதையாவது நீட்டினால், உங்கள் வழக்கத்துக்கு ஒத்ததா என்று முதலில் கேட்டறியுங்கள். ஒத்ததென்றால் ஒரு வாய் சாப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் நன்றி சொல்லி மறுக்கலாம், எவரும் குறை நினைக்கமாட்டார்கள். எப்படியானாலும் "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மொழி வகுப்பில் ஒரு மாதம் படித்தவர்களாலும் கேட்கக்கூடிய கேள்வி அது. பதில் சொல்பவர் தன் பாட்டியின் பெயர் வரைக்கும் சொல்லிவிடுவார். அது முடிந்ததும் உங்கள் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். ஒடியல் கூழின் செய்முறையை அந்த நாட்டு மொழியில் சொல்ல இன்றே பிள்ளையோடு இருந்து பழகி வையுங்கள். பிள்ளைக்கு மொழி தெரியும், உங்களுக்குக் கூழ் தெரியும்.