கடல் பார்க்கப் போனோம் – 1: மூட்டை கட்டும் படலம்

தாம்பரம் பக்கத்து ஆட்களுக்குப் பெட்டி கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. பம்மல், பொழிச்சலூர் மொட்டைமாடிகளில் துணி காயப்போடுகிறவர்களின் தலைக்கு மேலேதான் விமானம் தாழ்ந்து வருகிறது. வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் குரோம்பேட்டைத் தெருக்களில், பெட்டியை மாட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீடு வீடாகச் சுற்றி வரும். கையில் 7 கிலோ, உள்ளே போடுவது 15-ஆ, 23-ஆ என்ற கணக்கெல்லாம் பாட்டிகளுக்கும் அத்துப்படி. கப்பல் என்று வந்ததும் இந்த ஞானத்தில் பாதி உதவாமல் போய்விடுகிறது.

சேலையூர் அத்தைக்கும் மாமாவுக்கும் மகள் பெங்களூரிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். துணைக்கு என் பெயரையும் சேர்த்திருந்தாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, இரண்டு இரவு கழித்து அதே துறைமுகத்தில் இறங்குகிற பயணம்.

“எந்த ஊருக்கும் போகாம திரும்பி வர்றதுக்கா இவ்ளோ துட்டு?” என்றார் அத்தை.

“கிரிவலம் போறியே, கெளம்புன எடத்துக்கே வந்து சேரல?” என்றார் ரயில்வேயில் ஓய்வுபெற்ற மாமா. அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை.

உள்ளபடியே நாங்கள் ஏறப்போகும் கப்பல் இந்த வகைப் பயணத்துக்கென்றே பிறந்தது. கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டப்பட்டது. அன்றைய பெயர் ‘நார்டிக் எம்ப்ரஸ்’. மூன்று, நான்கு இரவில் முடிகிற குட்டிப் பயணங்களை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். நீளம் 211 மீட்டர். சுமார் 1,800 பயணிகள் ஏறலாம். கைமாறி இந்தியாவுக்கு வந்து, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் நம் பக்கம் வந்துவிடும். 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய முதல் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

அந்த ஆண்டுப் பயணங்களிலேயே பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரியில் நிற்பதாகத் திட்டம். கப்பலில் சூதாட்டக்கூடம் இருப்பதாகப் புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியது, அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் அங்கே கரை இறங்காமலே திரும்பினார்கள். 2025 ஜூலையில்தான் கப்பல் கடலில் நிற்க, பயணிகள் படகில் கரைக்கு வர முடிந்தது. அனுமதியோ அலையோ காற்றோ, ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் ஓர் ஊர் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். கரையில் போடுவதற்கென்று தனியாக நாலு உடுப்பும் ஷூவும் எடுத்து வைப்பதை முதலில் குறைத்துக்கொள்ளலாம்.

இலங்கை வரை போகிறவர்களுக்குக் காகித வேலை கூடுதல். 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்கு முதல் சுற்றுலாக் கப்பலை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் அனுப்பி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்த வழி அது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், அதுவும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இலங்கையின் பயண அனுமதியும் வேண்டும். நடுக்கடல் பயணத்துக்கு ஆதார் மாதிரி ஓர் ஒரிஜினல் அட்டை போதும். குழந்தைகளுக்கும் உண்டு இந்த விதி. பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இனி மூட்டை. விமானத்தைப் போலக் கப்பலில் கிலோக் கணக்குக் கெடுபிடி கிடையாது என்று கேள்விப்பட்டதும், சேலையூர் வீட்டில் பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. அதோடு திருப்தியில்லை. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டு வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் மாமா இன்னொரு சக்கரப் பெட்டியையும் பேரம் பேசி வாங்கி வந்தார். எடைக்குக் கட்டுப்பாடு இல்லை, வாஸ்தவம். ஆனால் அறைக்கு அளவு இருக்கிறதே. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்கத்தான் இடம் இருக்கும். கட்டிலுக்கடியில் படுக்கையாக நுழைகிற பெட்டிதான் கப்பலுக்கு லட்சணம்.

அதைவிட முக்கியமானது கைப்பை. துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி, ஸ்கேனரில் விட்டு எடுத்துப் போய்விடுவார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை கையில் இருப்பதுதான் சொத்து: அடையாள அட்டை, மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடுப்பு, நீச்சல் குளத்தில் இறங்குகிறவர்களுக்கு அதற்கான துணி. சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டுவது நம் வீட்டுப் பெரியவர்களின் நிரந்தர வழக்கம். அத்தையிடமிருந்து அந்த டப்பாவை மீட்க நான் இரண்டு முறை பூட்டைத் திறக்கச் சொன்னேன்.

அடுத்த போர் சமையலறையில் நடந்தது. இட்லிப் பொடி, தட்டை, புளிக்காய்ச்சல், போதாததற்கு வெந்நீர் வைக்கிற கெட்டில். கப்பலில் தீதான் முதல் பகை. அதனால் கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி எதுவும் உள்ளே போகாது. வெளிச் சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் தடை. சைவமும் ஜைனச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும் என்று சொன்னேன். “தயிர் இருக்குமாடா?” என்று மட்டும் அத்தை கேட்டார். இருக்கும் என்றதும் பாதிப் போர் ஓய்ந்தது.

மீதிப் போர் ஊறுகாய்க்காக. மாமாவின் அப்பா பினாங்குக்குப் போனது ‘ரஜூலா’வில். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம் வழியே பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. டெக் பயணிகள் பாயை விரித்த இடமே அவர்களுக்கு அறை. அவர் கொண்டு போனது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமுக்காளம், எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. “அவர் ஜாடியை யாரு தடுத்தா?” என்பது அத்தையின் வாதம். பிழைக்கப் போனவரின் மூட்டையும் பார்க்கப் போகிறவரின் மூட்டையும் ஒன்றா என்று நான் கேட்கவில்லை. ஊறுகாய் விஷயத்தில் அத்தையோடு வாதாடி ஜெயித்தவர் குடும்பத்தில் யாரும் இல்லை.

வங்கக்கடலில் குமட்டுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டால் ஆட்டம் குறைவாகத் தெரியும். ஊஞ்சலை மாட்டியிருக்கும் கொக்கிப் பக்கம் ஆட்டம் குறைவு, பலகையில் அதிகம் என்பதைத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். அவோமின் போன்ற மாத்திரைகளைக் கப்பல் ஆடுவதற்கு முன்பே போட வேண்டும், ஆடிய பிறகு போட்டுப் பயன் குறைவு. தூக்கம் வரும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட வேண்டும். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாக ஒட்டிக்கொண்டால், ஒரு வாட்ஸாப் வீடியோவுக்கு வருகிற பில் மயக்கம் போட வைக்கும்.

ஏறியவுடன் ஒரு பாதுகாப்புப் பயிற்சி உண்டு. நம் ஆட்கள் அந்த நேரத்தில் பஃபே எங்கே என்று தேடப் போவார்கள். முன்பெல்லாம் ஏறிய 24 மணி நேரத்துக்குள் அதை நடத்தினால் போதும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் உலக விதி மாறியது.

கடைசியாக ஒரு வழக்கு மிச்சம்: துறைமுகத்துக்கு எப்படிப் போவது? பீச் ஸ்டேஷனுக்கு எதிரேதான் துறைமுகம். தாம்பரத்திலிருந்து அங்கே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. டிக்கெட் 10 ரூபாய். “1914-லேருந்து போட் மெயில் இந்தத் தாம்பரம் வழியாத்தான் தனுஷ்கோடிக்குப் போச்சு. ஜனங்க ரயில்ல போய்க் கப்பல் ஏறலையா?” என்றார் மாமா. “அவங்கள்லாம் சந்தையில ரெண்டாவது பெட்டி வாங்கல” என்றார் அத்தை.

அத்தைக்கும் பெட்டிகளுக்கும் டாக்சி சொல்லியாயிற்று. மாமா மட்டும் ரயிலில் வந்து பீச்சில் சேர்ந்துகொள்கிறாராம்.

(அடுத்த இதழில் கப்பல் கிளம்பும்)