ஆம்ப்ளிஃபையரும் சித்திரை வெயிலும்

எத்தனை வாட் என்பதே கடையில் முதற்கேள்வி. எங்கள் கவலை வேறு. வானொலியின் முன் ரெக்கார்டரை வைத்து அப்பா பதிந்த மதுரை மணி ஐயர் (1912–1968) கேசட்டுகளில், தம்புராவுக்கு இடையே அவர் தொண்டையைச் செருமுவதும் மெல்லக் கேட்கும். அம்மாவுக்கு அது வேண்டும்.

'பி' வகையில் ஒலியலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் எழும் பிசிறு மெல்லொலியைத்தான் முதலில் கெடுக்கும். 'ஏ' வகையில் அப்பிசிறு இல்லை. ஆனால் பாடினாலும் பாடாவிட்டாலும் மின்சாரத்தை இழுக்கும், அதில் பாதிக்குமேல் வெறும் சூடு. சித்திரை மாதப் பசுமலையில் அதற்கென மின்விசிறியைக் கூட்டினால் செருமல் எங்கே கேட்பது!

'டி' வகை 90 விழுக்காட்டுக்கு மேலும் பயனாக்கும். அதை இகழும் பேச்சு பழையதாகிவிட்டது. ஆயினும் நாங்கள் எடுத்தது 'ஏபி'. கைமாறும் இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சற்றே சேர்ந்து சுமப்பதால் பிசிறு அடங்குகிறது. பழுதுபார்க்க உள்ளூரில் ஆளும் உண்டு. 20 வாட்டே எங்கள் அறைக்கு மிகுதி.