மேற்கே மட்டும் பார்த்தவன்

காவிரித் தகராறு வெடித்திருந்த 2016 செப்டம்பர் மாதம் ஒரே நாளில் என் கைப்பேசிக்கு இரண்டு காணொளிகள் வந்தன. பெங்களூரில் ஒரு பணிமனையில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அது ஒன்று. ராமேசுவரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்து வந்த கர்நாடக வண்டி ஓட்டுநரைச் சிலர் சூழ்ந்துகொண்டு கன்னத்தில் அறைந்தார்கள். அது மற்றொன்று. பேருந்து எரிந்ததை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு உடனே அனுப்பினேன். கூடவே சூடாக நாலு வரி எழுதினேன். ஓட்டுநர் அடிபட்டதை முழுதாகப் பார்த்தேன். அந்த மனிதர் திருப்பிப் பேசவே இல்லை. பார்த்து முடித்துவிட்டு அழித்தேன்.

நான் பொய் எதையும் பரப்பவில்லை. அனுப்பியது உண்மைதான். ஆனால் இரண்டு உண்மைகள் கையில் இருந்தபோது ஒன்றை மட்டும் எடுத்தேன். எடுத்தபோது மனதில் சின்னத் தயக்கம்கூட வரவில்லை. அந்தத் தயக்கமின்மையைத்தான் என் குற்றமாக இங்கே எழுதுகிறேன்.

நான் புவியியல் வாத்தியார். திருச்சியில் வேலை பார்த்தேன், வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஆற்றை வரைவேன். இடது ஓரத்தில் தலைக்காவிரி. அங்கிருந்து சாக்பீஸை அழுத்திக் கோடு இழுத்து கிருஷ்ணராஜ சாகர், ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு, பிறகு கல்லணை என்று ஒவ்வொன்றாகக் குறிப்பேன். அணைகளுக்கு உயரமும் கொள்ளளவும் எழுதுவேன். கல்லணை தாண்டியதும் கோடு ஒரே இழுப்பில் பூம்புகாருக்குப் போய்விடும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, திருமலைராஜனாறு எதையும் நான் வரைந்ததில்லை. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்தப் பக்கம் அக்கறை இல்லை. தண்ணீர் எங்களைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று நான் கேட்டதே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேற்கே பார்ப்பது பிறவிப் பழக்கம். ஆடிப்பெருக்கன்று நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவிரித் தாய்க்குச் சீர் கொடுக்கிற ஊர் இது. ஆற்றில் மணல் மட்டும் கிடக்க, படித்துறையில் ஷவர் வைத்து ஜனங்களைக் குளிக்கவைத்த ஆண்டுகளும் உண்டு. அப்படி ஒரு பதினெட்டாம் பெருக்கைப் பார்த்தவன் மேற்கே இருப்பவனைத் திட்டாமல் வீடு திரும்ப மாட்டான். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் என் கண் முதலில் போகிற இடம் மேட்டூர் நீர்மட்டம்தான். 120 அடிக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் காபி.

என் கோபம் ஆதாரமில்லாதது என்று சொல்ல வரவில்லை. 1924 ஒப்பந்தம் இருந்தது. காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று 1991-ல் அது இடைக்கால உத்தரவு போட்டது. அதைத் தொடர்ந்து அந்த டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன, குடும்பம் குடும்பமாக இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். 2007 இறுதித் தீர்ப்பு எல்லையில் பிலிகுண்டுலுவில் தர வேண்டும் என்ற 192 டி.எம்.சி.யை 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. இதெல்லாம் நடந்தவை. இவற்றை வகுப்பில் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. சொல்லாமல் விட்டதற்காகத்தான் வருந்துகிறேன்.

கர்நாடகத்தின் மண்டியாவில் ஒரு புவியியல் வாத்தியார் இருந்தால் அவர் பாடத்தை எங்கிருந்து தொடங்குவார்? 1892-லிருந்து. மைசூர் புதிதாக அணை கட்ட வேண்டுமானால் சென்னை மாகாணத்தின் சம்மதம் வேண்டும் என்று அந்த ஆண்டில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் வெள்ளைக்காரனின் மாகாணம், மறுபக்கம் அவனுக்கு அடங்கிய சமஸ்தானம். எசமானும் அவனுக்குக் கட்டுப்பட்டவனும் போட்டுக்கொண்ட கையெழுத்து என்றுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார். நானோ அதே தாளை நம் உரிமைச் சாசனம் என்று சொல்லிக்கொடுத்தேன். தாளில் உள்ள வரிகள் இரண்டு வகுப்பறைக்கும் ஒன்றுதான். இன்றும் அந்த ஒப்பந்தத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வாதம் இருக்கிறது என்பதையாவது என் மாணவர்கள் என் வாயால் கேட்டிருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒருவன்கூட "சார், அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடி நான் நடத்தியிருக்கிறேன்.

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் கன்னடம் படித்து, அவள் வீட்டில் கன்னடப் பத்திரிகை வாங்குகிறார்கள். ஒருமுறை போயிருந்தபோது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தைப் பார்த்து இது என்ன என்றேன். "கே.ஆர்.எஸ். லெவல் அண்ணே. 124.80 அடிக்கு இன்னைக்கு எவ்வளவுன்னு தினமும் போடுவாங்க" என்றாள். என் வயதொத்த ஒரு மண்டியா கரும்பு விவசாயி தினமும் காபிக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. அதன் பிறகாவது திருந்தினேனா? இல்லை. 2023 செப்டம்பரில் மழை பொய்த்து, காவிரி மேலாண்மை ஆணையம் தண்ணீர் விடச் சொல்லி, அங்கே பந்த் நடந்தபோது தங்கையிடம் போனில் கத்தினேன். அணையைத் திறக்காததற்கு அவள் பொறுப்பு என்பதுபோல.

இதைவிடக் கீழான ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுபோகிற காவிரிக் குழாய் எட்டாத புறநகரில் இருக்கிறாள் என் தங்கை. ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. டேங்கர்காரன் கேட்ட காசைக் கொடுத்தார்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த நேரம் அது. செய்தியைப் படித்தபோது என் மனசில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? "நல்லா வேணும்." அந்த ஊரில் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களில் என் தங்கையும் ஒருத்தி என்பது இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. இதை எழுத உட்காரும் முன் அவளிடமே சொன்னேன். "தெரியும்ணே. அன்னைக்குப் போன் பண்ணி விசாரிச்சப்பவே உன் குரல்ல தெரிஞ்சுது" என்றாள்.

கிழக்கே பார்க்கவைத்தவர் என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடைமடைக் கிராமம் அவருடையது. ஓய்வறையில் நான் வழக்கம்போல கர்நாடகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு, "சார், உங்களுக்கு மண்டியா எப்படியோ, எங்களுக்கு நீங்க அப்படி" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் இங்கே பூத்தூவிப் படம் எடுப்போம். அவர் ஊர் வாய்க்காலுக்கு அது போய்ச்சேரும்போது முறை வைத்திருப்பார்கள். தலைமடையில் தூர் வாரியிருப்பார்கள், அவர் ஊரிலோ ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். நாற்று முற்றிப்போகும். அவர் சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "உய்யக்கொண்டானை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" சோழர் காலத்து வாய்க்கால் அது. திருச்சி நகரத்துக்குள் சாக்கடைபோல ஓடுகிறது. வயலூர் சாலையில் அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற கூட்டத்தில் நானும் உண்டு. அந்தத் தண்ணீர் ஊரைத் தாண்டி வயலுக்குத்தான் போகிறது என்பதைப் பாடமாக நடத்தியவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை எங்கள் ஊர் மறக்காது. ஜூலையிலேயே மேட்டூர் நிரம்பிவிட்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டது. குடும்பத்தோடு பாலத்துக்குப் போய்ப் படம் எடுத்தேன். பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அந்த வெள்ளத்தில் சாய்ந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை அது. எங்களுக்கு அது பார்க்கக் கிடைத்த வெள்ளம். அதே மழையில் குடகில் மலை சரிந்து ஆட்கள் புதைந்தார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையோரத் திட்டுக் கிராமங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கடைமடையிலோ வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஓர் ஆறு, ஒரே மாதம். பாலத்தின் மேல் நின்ற எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இவ்வளவு தண்ணீரும் கடலில் வீணாகப் போகிறதே. அதையே ஆசிரியர் குழுவில் எழுதினேன். நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடம் சொன்னேன். அதற்கு முன்பும் எத்தனையோ வருடம் வகுப்பில் சொன்னதுதான்.

மேகேதாட்டில் 67 டி.எம்.சி. தேக்க அணை கட்ட வேண்டும் என்கிற கர்நாடகமும் அதே வரியைத்தான் சொல்கிறது: உபரி நீர் கடலில் வீணாகிறது. அவர்கள் அதைச் சொன்னபோது எனக்குச் சூழ்ச்சியாகப் பட்டது. நான் சொன்னபோது அக்கறையாகப் பட்டது. நடுவர் மன்றம் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, அதில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என்று 14 டி.எம்.சி.யைத் தனியாக எழுதிவைத்திருக்கிறது. பங்கீட்டு எண்களை ஒப்பிக்க வைத்த நான் அந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதியதில்லை. ஆறு கடலுக்குப் போகாவிட்டால் கடல் ஆற்றுக்குள் வரும். கொள்ளிடம் முகத்துவாரத்துக் கிராமங்களில் கிணறு உப்பாகிறது. பழையாறு மீனவருக்கு அந்த நன்னீர் மீன்வளம். அவர்கள் யாரும் என் வரைபடத்தில் இல்லை.

மேகேதாட்டு அணை கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு வரிக்கு எதிராகப் பேச எனக்குத் தகுதியில்லாமல் போய்விட்டது.

அண்மையில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். லால்குடிப் பக்கம் வாழையும் நெல்லும் போடுகிறான். கொள்ளிடம் நெடுகத் தடுப்பணை கட்டக் கோரி ஒரு மனு, ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியிருந்தான். முதல் வரியே கடலில் வீணாகக் கலக்கும் நீரைத் தடுக்க வேண்டும் என்பது. கோரிக்கை நியாயம்தான், நிலத்தடி நீர் ஏறும். முகத்துவாரம் பக்கம் கட்டுகிற கதவணை உப்பையும் தடுக்கும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. "இது நீங்க சொல்லிக்குடுத்ததுதானே சார், ஒம்பதாம் வகுப்புல" என்றான். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்றேன். திண்ணையில் உட்கார்ந்து வேதாரண்யத்துக்காரரைப் பற்றியும் பழையாற்றைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப இந்த இருநூறு பேர்கிட்டயும் நான் போய் என்ன சார் சொல்றது?" என்றான்.