சம்பா போச்சு, பழையது நிக்குது!

கீழ்வேளூரில் ஒரு நெல் வியாபாரியின் கணினியில் இரண்டு ஃபோல்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'சம்பா' என்பது இந்த வருடக் கணக்கு. 'சம்பா பழையது' தேவையில்லாத குப்பை. பழையதை அழிக்க ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ஃபோல்டர் பெயரை ஒரு மாறியில் போட்டு, டாலர் குறியோடு ஆர்எம் கட்டளையிடம் கொடுத்தாயிற்று. என்ன நடக்கும்? இந்த வருடக் கணக்கு காலி. பழையது அப்படியே இருக்கும்!

காரணம் எளிது. மேற்கோள் குறி இல்லாத மாறியை விரித்தவுடன் இடைவெளி, டேப், புதிய வரி எங்கே வந்தாலும் ஷெல் அங்கே வெட்டிவிடும். ஒரு பெயர் 'சம்பா', 'பழையது' என்று இரண்டாகிவிடுகிறது. முதலாவது இருக்கிறது, அழிகிறது. இரண்டாவது இல்லவே இல்லை. ஆனால் 'எஃப்' என்ற விருப்பம் சேர்த்திருந்தால் ஒரு எச்சரிக்கைகூட வராது.

கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2-இன் நிறுவியில் இதே ஓட்டைதான். வட்டுப் பிரிவின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலர் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். ஆப்பிள் அதை அவசரமாகத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. 2011-இல் லினக்ஸுக்கான பம்பிள்பீ நிறுவியில், பாதையின் நடுவே தவறி விழுந்த ஒற்றை இடைவெளி 'யூஎஸ்ஆர்' என்ற முக்கிய அடைவையே அழித்தது.

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. உ.வே.சா. போன்றவர்கள் பொருள் பார்த்துப் பதம் பிரித்தார்கள். ஷெல் பொருள் பார்க்காது, வெற்றிடம் கண்ட இடத்தில் வெட்டும்.

மருந்து என்ன?

மாறி எங்கே வந்தாலும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வந்த எல்லாப் பெயர்களையும் அடுத்த கட்டளைக்குக் கடத்த, மேற்கோளுக்குள் டாலர், அதையடுத்து 'அட்' குறி. நட்சத்திரம் போட்டால் எல்லாம் ஒரே சரமாக ஒட்டிக்கொள்ளும். எல்எஸ் தரும் பட்டியலை லூப்பில் ஓட்டாதீர்கள். புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம் என்று எழுதினால் ஷெல்லே பெயர்களை முழுசாகத் தரும். கோடில் தொடங்கும் பெயரும் விருப்பமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படாது. உள் அடைவுகளுக்கு ஃபைண்டின் 'எக்ஸெக்' போதும்.

பாஷின் அணிகளை நம்பினால் எல்லா இடத்திலும் ஓடாது. உபுண்டுவில் 2006 முதல் 'எஸ்எச்' என்பது டாஷ். அதில் அணிகள் இல்லை.

"பெயரில் இடைவெளி விடாமல் இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். வியாபாரி தமிழில் எழுதுவது போலத்தான் பெயர் வைப்பார். அவர் கணக்கைக் காப்பது ஸ்கிரிப்ட் எழுதுபவரின் பொறுப்பு. அதற்கு ஆகும் செலவு இரண்டு மேற்கோள் குறிகள்.